நாலு மணிக்கு வந்தவர்

ஜம்முனு என்று ஒரு வாடகைக் கார் கம்பெனி. கைபேசியில் அழுத்தினால் வண்டி வாசலுக்கு வரும் என்பது அதன் கொள்கை. வயதானவர்கள் மட்டும் அழுத்த மாட்டேன் என்கிறார்களே என்று கம்பெனிக்கு ரொம்ப நாளாக மனக்குறை. ஏன் தயங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடத்தினார்கள். கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். மருமகள்களைக் கேட்டார்கள். பெங்களூரில் ஒரு மனநல நிபுணரைக் காசு கொடுத்துக் கேட்டார்கள். வயதானவர்களைக் கேட்கவில்லை. தயங்குகிறவர்களாயிற்றே, கேட்டாலும் தயங்கித் தயங்கித்தானே சொல்வார்கள்.

ஆய்வு முடிந்து, தயக்கத்துக்குக் காரணங்கள் மூன்று என்று அறிவித்தார்கள்: பயம், அறியாமை, பிடிவாதம். வண்டியும் ஒரு காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம் ஆய்வில் யாருக்கும் வரவில்லை. மூன்றையும் ஒரே மத்தியானத்தில் போக்குவதற்காக 'மூத்தோர் தயக்க நீக்க முகாம்' என்று ஒன்றை ஏற்பாடு செய்து, அதைப் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய குடியிருப்பின் மண்டபத்தில் வைத்தார்கள். அந்தக் குடியிருப்பில்தான் சாம்பசிவன் இருக்கிறார்.

சாம்பசிவன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியைக் கண்டு நடுங்குகிற ஆள் இல்லை. கரண்ட் பில், வீட்டு வரி, கேஸ் எல்லாம் அதில்தான் கட்டுகிறார். வெளியே போவதற்கு மட்டும் துரையின் ஆட்டோ. தெருமுனையில் நிற்கும். கை காட்டினால் வரும். கை காட்டாவிட்டாலும், "இன்னா சார், எங்கியும் போவலியா?" என்று துரை கேட்பார்.

முகாம் நடந்த அன்றைக்கு சாம்பசிவனின் மனைவி ரமாவுக்குக் கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். வலது கண்ணில் புரை. இடது கண்ணிலும் புரைதான், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு ஒரே ஒரு துணைதான் இருக்கலாம் என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். அதனால் காலையில் மகள் மிருதுளா கூடப் போனாள். நாலு மணிக்கு அவளுக்கு ஷிப்ட். ஆபீஸ் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே, ஓ.எம்.ஆர். சாலையில். நாலு மணிக்கு அவள் எழுந்து போக, சாம்பசிவன் போய் உட்கார வேண்டும். அப்புறம் டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்.

ரமா கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போனாள். "ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணுல மூட்டம். யாரு வரா, யாரு போறான்னு தெரியாம என்னால தனியா உக்காந்திருக்க முடியாதுங்க. எனக்கு பயமா இருக்கும். நாலு மணிக்கு உங்க குரல் கேக்கணும்."

"கேக்கும்," என்றார் சாம்பசிவன்.

துரையின் ஆட்டோவிலேயே போயிருப்பார். ஆனால் கண்ணில் தூசி படக்கூடாது, மூடிய வண்டியில்தான் கூட்டிப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளரோ, "முகாமுக்கு வாங்க சார். முடிஞ்சதும் அங்கிருந்தே ஏ.சி. கார், கேளம்பாக்கத்துக்கு போய்த் திரும்பி வர வரைக்கும் ஃப்ரீ," என்றார். மண்டபத்துக்குப் புது மின்விசிறி போட்டுக் கொடுத்தது ஜம்முனு. செயலாளருக்கு நாற்காலி நிறைய வேண்டிய கட்டாயம். சாம்பசிவன் துரையிடம் போய், "இன்னிக்கு வேணாம்ப்பா, கார்ல போறேன்," என்றார். துரை துணியை எடுத்து ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மண்டபத்தில் நுழைந்ததும் எல்லாருக்கும் ஒரு மஞ்சள் சால்வை போர்த்தினார்கள். அதில், 'நான் இனி தயங்கேன்' என்று அச்சடித்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்ததும் மண்டபத்துக் கேட்டைப் பூட்டினார்கள். பெரியவர்கள் பாதியில் எழுந்து வெயிலில் நடந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாதுகாப்பு ஏற்பாடாம். முகாமுக்கு வந்த ஒவ்வொருவரும் ஜம்முனு வண்டியில்தான் வெளியேற வேண்டும். நடந்து வெளியேறினால் கணக்கில் அது தோல்வி.

மேடையில் பிரணவ் என்ற இளைஞன் ஏறினான். அவன் பதவியின் பெயர் 'மூத்தோர் மகிழ்ச்சித் தலைவர்'. அவனுக்குக் கீழே மகிழ்ச்சி அதிகாரிகள் இரண்டு பேர் கேமராவுடன் நின்றார்கள்.

"அங்கிள்ஸ், ஆன்ட்டீஸ்! எங்க கம்பெனிக்கு நீங்கதான் தெய்வம். தெய்வம் எங்கயாவது ஆட்டோல போகுமா? யோசிச்சுப் பாருங்க. உங்க வயசுல புதுசா ஒண்ணு கத்துக்கறது கஷ்டம். அது உங்க தப்பு இல்ல, உங்க மூளையோட தப்பு. அதை நாங்க மதிக்கிறோம்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் காது சரியாகக் கேட்காதவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் எழுந்து தன் தயக்கத்தை ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சி. சாம்பசிவனின் நண்பர் ஐசக், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், எழுந்தார். "தம்பி, நான் ஒரு தடவை புக் பண்ணேன். டிரைவர் போன் பண்ணி எங்க போறீங்கன்னு கேட்டான். தாம்பரம் ஸ்டேஷன்னேன். வெச்சுட்டான்."

"அங்கிளுக்கு போன்ல பேச பயம்," என்று சொல்லி, பிரணவ் திரையில் 'பயம்' என்ற கட்டத்தைத் தொட்டான்.

"பயம் இல்லப்பா, அவன்தான் வெச்சுட்டான்."

"பிடிவாதமும் இருக்கு," என்று இன்னொரு கட்டத்தையும் தொட்டான்.

சாம்பசிவன் முறை வந்தது. எழுந்து, "நான் நாலு மணிக்குள்ள கேளம்பாக்கம் போயாகணும். வீட்டுல கண் ஆபரேஷன். வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார்.

பிரணவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதிரி நிஜமான தேவை உள்ள ஒரு கிழவர் கிடைப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "வாங்க அங்கிள், மேடைக்கு! நீங்கதான் இன்னிக்கு எங்க முன்மாதிரி மூத்தோர்!" என்றான். சாம்பசிவனின் கைபேசியை வாங்கி ஒரு வயரில் கோத்துப் பெரிய திரையோடு இணைத்தான். 'குடும்பப் பார்வை' என்று ஒரு வசதியை முடுக்கி, மிருதுளாவுக்கும் ஒரு சுட்டி அனுப்பினான். "இனிமே உங்க டாட்டர் கவலையே பட வேண்டாம். அங்கிள் எங்க இருக்கீங்கன்னு உங்களை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

வண்டி புக் ஆயிற்று. 'நான்கு நிமிடத்தில் வந்துவிடும்' என்றது திரை. வண்டலூர் பக்கம் ஒரு குட்டிக் கார் படம் தெரிந்தது. அது வடக்கே பார்த்தது, கிழக்கே பார்த்தது, அப்புறம் காணாமல் போனது.

"கேன்சல் பண்ணிட்டாங்களே," என்றார் சாம்பசிவன்.

"கேன்சல்னு சொல்லாதீங்க அங்கிள். அந்த டிரைவர், தன்னை விட நல்ல டிரைவருக்கு வழி விட்டிருக்காரு."

இப்படி வரிசையாக நாலைந்து பேர் வழி விட்டார்கள். ஒவ்வொரு முறையும் திரை 'நான்கு நிமிடம்' என்றது. சபை கைதட்டி உற்சாகப்படுத்த வேண்டும் என்று பிரணவ் கேட்டுக்கொண்டான். தட்டினார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக் கார் நிஜமாகவே மண்டபத்து வாசலில் வந்து நின்றது. டிரைவர் பென்னி, கேளம்பாக்கம் பக்கத்துக்காரர். அவரையும் மேடைக்கு அழைத்து ஒரு சால்வை போர்த்தினார்கள்.

"அடுத்து, ஓடிபி வழங்கும் விழா," என்றான் பிரணவ். "அங்கிள், உங்க போனுக்கு வந்த நம்பரை டிரைவர்கிட்ட சொல்லுங்க."

சாம்பசிவன் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. அதே மண்டபத்தில், அதே மேடையில், ஓய்வூதியர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் சாம்பசிவன்தான் மோசடி விழிப்புணர்வு பற்றிப் பேசுவார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி வலது கையை நீட்ட வைத்து, "பெற்ற பிள்ளையே கேட்டாலும் ஓடிபி சொல்ல மாட்டேன்" என்று உறுதிமொழி வாங்குவார். பிள்ளைக்கே இல்லாத ஓடிபியை, சால்வை போர்த்திய முன்பின் தெரியாத மனிதரிடம், மைக்கில் சொல்ல வேண்டும் என்கிறான் இவன்.

சபையில் ஒரு சலசலப்பு. ஐசக் எழுந்து, "சொல்லாதீங்க சார்!" என்று கத்தினார். பின்வரிசையில் வலது கைகள் நீண்டன. பிறகு மண்டபம் முழுவதும் எழுந்து நின்று, "பெற்ற பிள்ளையே கேட்டாலும்" என்று ஆரம்பித்துவிட்டது. மகிழ்ச்சி அதிகாரிகள் அதையும் படம் பிடித்தார்கள்.

பென்னிக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், நம்பர் சொன்னாத்தான் சார் வண்டி ஸ்டார்ட் ஆவும். நா இன்னா உங்க பேங்குலயா கை வெக்கப் போறேன்? வெயிட்டிங்ல பேஜாரா கீது சார்."

சாம்பசிவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகப் போகிறது. ரமா கட்டோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. சபையைப் பார்க்காமல் குனிந்து, பென்னியின் காதில் நாலு எண்களைச் சொன்னார். உறுதிமொழி பாதியில் நின்றது. ஐசக் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒரு திருட்டுக்குத் துணை போனவரைப் போல சாம்பசிவனுக்கு உடம்பு கூசியது.

பென்னி எண்ணைப் போட்டதும் திரை பூத் தூவியது. 'இனிய பயணம், சாம்பசிவன்!'

"போலாமா?" என்று சாம்பசிவன் படியிறங்கப் போனார். "ஒரே நிமிஷம் அங்கிள்," என்று பிரணவ் தோளைப் பிடித்தான். முன்மாதிரி மூத்தோருக்கு நினைவுக் கேடயம் கொடுக்க வேண்டும், கம்பெனியின் தென்மண்டலத் தலைவர் கொடுப்பார், அவர் கார் வாசலுக்கு வந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு பென்னியின் கார் நிற்கவே, "கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்துப்பா" என்று பென்னியை அனுப்பினார்கள். தள்ளிப் போனால் ஜி.எஸ்.டி. ரோடு. ஏறினால் திரும்ப முடியாது.

தென்மண்டலத் தலைவர், தன் பாட்டி இருந்திருந்தால் இந்தக் காட்சியைக் கண்டு அழுதிருப்பார் என்று ஆங்கிலத்தில் சொல்லி, கேடயம் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பசிவன் கேடயத்தோடு வாசலைப் பார்த்தார். கார் இல்லை. திரையைப் பார்த்தார். கார் வண்டலூர் தாண்டிக்கொண்டிருந்தது. அதன் உள்ளே ஒரு சின்ன வட்டத்தில் சாம்பசிவனின் முகம்.

பிரணவ் பென்னிக்கு ஒலிபெருக்கியில் போன் போட்டான்.

"சார், யூ-டர்னே இல்ல சார்! வண்டலூர்ல திரும்பலாம்னு பாத்தா, ரூட்ட மாத்தினா அபராதம், ஐடி பிளாக்குன்னு சொல்லுது உங்க ஆப்பு. எனக்கு வூட்டுல ரெண்டு பசங்க கீறாங்க சார். நா போயி கேளம்பாக்கத்துல ட்ரிப்ப முடிச்சிடறேன்."

"ஆனா நான் இங்கதானே இருக்கேன்?" என்றார் சாம்பசிவன்.

"அங்கிள், இது ஃபர்ஸ்ட் டைம் யூஸர்ஸ் எல்லாருக்கும் வர்ற டவுட்," என்றான் பிரணவ். "வண்டி கரெக்டா போயிட்டிருக்கு. ரிலாக்ஸ்."

"வேற வண்டி போடுப்பா!"

"ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு வண்டில போக முடியாது. சேஃப்டி."

"போனையாவது குடு. என் பொண்ணுகிட்ட சொல்லணும்."

"ட்ரிப் நடுவுல போனைக் கழட்டினா டேட்டா போயிடும் அங்கிள். இவ்வளவு தூரம் போயிட்டீங்க, இப்பப் போய் விடலாமா?"

ஐசக் கோபத்தை விட்டுவிட்டுத் தன் போனை நீட்டினார். வாங்கிய பிறகுதான் சாம்பசிவனுக்கு உறைத்தது: வங்கியின் கிளை எண்ணைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார், மகளின் எண் மனப்பாடம் இல்லை. அது 'மிருது' என்ற பெயருக்குள் திரையோடு கட்டப்பட்டுக் கிடந்தது.

வேகமாகக் கேட்டுக்குப் போனார். காவலாளி கையிலிருந்த கைபேசிப் பட்டியலில் விரலை ஓட்டினார். "சாம்பசிவன் சார்தானே? நீங்க கிளம்பிட்டீங்க சார்."

"கிளம்பலையே. உங்க முன்னாடிதானே நிக்கறேன்."

"அது தெரியுது சார். ஆனா ஒருத்தர் ஒரு தடவைதான் வெளிய போகலாம். போனவரை எப்படி சார் நான் மறுபடி வெளிய விடறது? நாளைக்கு யாராவது கேட்டா?"

சாம்பசிவன் கெஞ்சினார். செயலாளரைக் கூப்பிட்டார். செயலாளர் மின்விசிறிக்குக் கீழே நின்று, "கம்பெனி விஷயம் சார், நான் எப்படி தலையிடறது?" என்றார். மறுபடி மேடைக்குப் போய்ப் பிரணவிடம் கைகூப்பினார். அப்போது மண்டபத்தில் ஒரு கைதட்டல் எழுந்தது. திரையில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

'வாழ்த்துகள்! சாம்பசிவன் பத்திரமாகச் சென்று சேர்ந்தார்.'

அதற்குக் கீழேயே மிருதுளாவின் செய்தி, சுவர் அளவு எழுத்தில்: 'அப்பா, வந்துட்டீங்கன்னு காட்டுது. செக்யூரிட்டி ஒரு ஆளுக்கு மேல உள்ள விடமாட்டான், அதான் நான் பின்பக்க லிஃப்ட்ல இறங்கிட்டேன். அம்மாகிட்ட நீங்க வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். ஷிப்ட்டுக்கு ஓடறேன்.'

"சக்சஸ்!" என்று பிரணவ் சாம்பசிவனைக் கட்டிப்பிடித்தான். சாம்பசிவன் அவனை ஒரு தள்ளு தள்ளினார். வாழ்க்கையில் அவர் யாரையும் தள்ளியது கிடையாது. வயரைப் பிடுங்கிக் கைபேசியை எடுத்து மகளுக்குப் போட்டார். ஆஃப் ஆகியிருந்தது. அவள் ஆபீஸில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரமாவின் போன் மகளின் கைப்பைக்குள் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். பாட்டுப் போட்டார்கள்.

சாம்பசிவன் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. மண்டபத்தில் பாத்திரம் கழுவும் சரசு கையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கமாக வந்தாள்.

"இன்னா சார், பூட்டுன கேட்ட புடிச்சிக்கினு அய்வுறீங்க? பின்னால வாங்க. அங்க செவுரு வுய்ந்து ஆறு மாசமாவுது. மாடெல்லாம் அப்டித்தான் வருது போவுது."

கேட்டில் காவலாளி, பட்டியல், பூட்டு. பின்னால் சுவரே இல்லை. சாம்பசிவன் கேடயத்தைப் பாத்திரக் குவியலில் போட்டுவிட்டு, செங்கல்லைத் தாண்டித் தெருமுனைக்கு ஓடினார். துரை இருந்தார்.

"காலைல வேணாம்னீங்களே சார்?"

"தப்புதான் துரை. கேளம்பாக்கம். ரமா அக்கா தனியா இருக்கா."

துரை வண்டியைக் கிளப்பினார். வண்டலூரில் திரும்பி, மாம்பாக்கம் வழியாக அந்த ஆட்டோ போன வேகத்தை சாம்பசிவன் வேறொரு நாளாக இருந்தால் திட்டியிருப்பார். அன்றைக்கு அவர் உலுக்கலில் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வேகமாகப் போக மாட்டானா என்று நினைத்தார். ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி மாடியில் காத்திருப்போர் வரிசையில் ரமா உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் கட்டு. பக்கத்து நாற்காலி காலி. மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்து வைத்திருந்தாள்.

"ரமா," என்றார்.

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "இப்பதான் பேசணும்னு தோணிச்சா?"

"என்னம்மா?"

"நாலு மணிலேர்ந்து பக்கத்துல உக்காந்துகிட்டு ஒரு வார்த்தை பேசலை. இருமறீங்க, செருமறீங்க. வலிக்குதான்னு கூடக் கேக்கலை. சரி, ஏதோ கோபம்னு நெனைச்சு நானே கையை நீட்டினேன். பிடிச்சுக்கலை. எழுந்து போயிட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

சாம்பசிவன் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "ரமா, நான் இப்பதான் வரேன். துரை ஆட்டோல."

"பொய் சொல்லாதீங்க. மிருது போன்ல பாத்து சொன்னா. நீங்க வந்துட்டதா போட்டிருந்ததாம்."

"கீழ துரை நிக்கறான். அவனைக் கேளு."

டாக்டர் பார்த்து, சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பினார். மூடிய வண்டி கிடைக்கவில்லை. சாம்பசிவன் அதைத் தேடவும் இல்லை. மஞ்சள் சால்வையை ஆட்டோவின் ஒரு பக்கம் திரையாகக் கட்டினார். துரை தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த புதுப் போர்வையைப் பிரித்து மறுபக்கம் கட்டினார். "அக்கா, காலைல சார் என்னை வேணாம்னு சொன்னாரு, இன்னும் கடுப்பாத்தான் கீறேன். ஆனா மெதுவா போறேன், பயப்படாத," என்றார்.

வண்டி கிளம்பியது. சால்வை காற்றில் உப்பி, 'நான் இனி தயங்கேன்' என்று சாலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தது. ரமா சாம்பசிவனின் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை. கைபேசி அவர் பையில் விர் விர்ரென்று ஐந்து நட்சத்திரம் கேட்டது. அவர் எடுக்கவில்லை.

மாம்பாக்கம் தாண்டும்போது அவள் அவர் காதருகே குனிந்து, துரைக்குக் கேட்காமல், மெல்லக் கேட்டாள்.

"அப்போ நாலு மணிக்கு வந்தது யாருங்க?"